மாமியின் கிணறும் ஐசா கார்டும்

பூநகரியில் மாமியின் நாலு வெங்காயப் பாத்தியையும் பழுதாக்கினது நான்தான். அந்தப் பக்கத்துத் தண்ணி உப்பு எண்டு எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு உப்பு எண்டு கேட்டால்தான் ஆளுக்கொரு கதை. ஏ.எல். எழுதிப்போட்டு ரிசல்ட்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. கிளிநொச்சியில் கொம்பியூட்டர் திருத்துற அண்ணா ஒருவரின் கடையில்தான் என் பொழுது போகும். எங்கேயோ ஒரு ஆய்வுகூடம் கழிச்சுவிட்ட சாமான்களோட வந்த பழைய பென்ரியம் மெஷின் ஒண்டு அங்கே மூலையில் கிடந்தது. உள்ளே ஒரு முழ நீளத்தில் பச்சைக் கார்ட். வெளியில் இருந்து வாற வோல்ற்றளவை அளந்து கொம்பியூட்டருக்கு எண்ணாக மாத்திக் குடுக்கிற கார்ட் அது.

அண்ணா தண்ணியின் மின்கடத்துதிறனை வோல்ற்றாக்கிற சின்னச் சேர்க்கிட் ஒண்டு செய்தார். ஒரு மில்லிசீமனுக்கு ஒரு வோல்ற். மாமியின் கிணத்துத் தண்ணியைச் சோடாப் போத்தலில் கொண்டு வந்து வைச்சுப் பாத்தம். திரையில் 0.9. வெங்காயம் 0.8 வரைக்கும் விளைச்சல் குறையாமல் தாங்கும் எண்டு ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் அட்டவணை சொல்லுது. இது கொஞ்சம்தானே கூட. "பயமில்லை மாமி, நடுங்கோ" எண்டு போனில் சொன்னன்.

ஒரு மாதத்துக்குள்ள தாள் நுனியெல்லாம் கருகத் தொடங்கிச்சு. கடைசியில் விதை வெங்காயம் வாங்கின காசும் வரேல்ல.

பிறகுதான் அண்ணா மல்ரிமீற்றரை எடுத்து, கார்டுக்குள்ள போற வயரிலேயே வைச்சுப் பாத்தார். மீற்றரில் 1.8. திரையில் 0.9. சரி பாதி. பழசாகி இளைச்ச கார்ட் அப்பிடி நேர்த்தியாகப் பிழை விடாது. பாதி எண்டால் ஆரோ எங்கேயோ ஒரு தெரிவைப் பிழையாய்ச் செய்திருக்கினம். தேடினால், கார்டின் நடுவில் நெல்மணி அளவு ஜம்பர் ஒண்டு. அதை ஒரு பக்கம் குத்தினால் கார்ட் −5 இல் இருந்து +5 வோல்ற் வரை அளக்கும், மற்றப் பக்கம் குத்தினால் −10 இல் இருந்து +10 வரை. கார்ட் பத்தில் நிண்டது, மென்பொருள் ஐந்து எண்டு நினைச்சுக்கொண்டிருந்தது. 1.8 எண்டால் கால்வாசி விளைச்சல் போகும் எண்டு அதே அட்டவணை சொல்லுது. மாமியின் மணல் நிலத்தில் அதுக்கும் மேலே போயிட்டுது.

எனக்கு உறுத்தினது இன்னொரு விஷயம். அண்ணா பல வருஷமாகக் கொம்பியூட்டர் திருத்துறவர். கையை வைச்சால் மெஷின் எழும்பும். அவருக்கே அந்த ஜம்பர் என்னவெண்டு தெரியேல்ல. "தம்பி, உந்தச் சாதிக் கார்டை நான் தொழில் பழகின காலத்தில காணவேயில்லை" எண்டார். ஏன் காணேல்ல எண்டு யோசிச்சுக்கொண்டு ஆண்டுகளை ஒரு கொப்பியில் எழுதிப் பாத்தன். ஒரு பக்கத்தில் ஸ்லொட்டின் ஆண்டுகள், மற்றப் பக்கத்தில் எங்கட ஆண்டுகள்.

1977 இல் வந்த அப்பிள் 2 கணினிக்குள் எட்டு ஸ்லொட் இருந்தது. இவ்வளவு ஏன் எண்டு கம்பனிக்குள்ளேயே தர்க்கம் நடந்தது. வாங்கிறவன் என்னத்தைச் செருகுவான் எண்டு செய்யிறவனுக்குத் தெரியாது, ஆனபடியால் இடம் விட வேணும் எண்டு வொஸ்னியாக் நிண்டு பிடிச்சார். ஐபிஎம் தன் பெர்சனல் கொம்பியூட்டரை அறிவிச்சது 1981 ஓகஸ்ட் 12. அதில் ஐந்து ஸ்லொட், ஒவ்வொண்டிலும் 62 தொடுமுனை. யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சது அதே 1981 மே 31 இரவு தொடங்கி. இரண்டுக்கும் இடையில் பத்துக் கிழமைதான். 97,000 புத்தகம் சாம்பலான வருஷமும், மேசையில் வைக்கிற கணினி உலகத்துக்கு வழமையான வருஷமும் ஒண்டு.

ஐபிஎம் தெரிஞ்சு செய்ததோ, அவசரத்தில் செய்ததோ, தன் கணினியின் முழுச் சுற்றுப்படத்தையும் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சடிச்சு வித்தது. எந்தத் தொடுமுனையில் என்ன வரும், கார்ட் எந்த முகவரியில் பதில் சொல்ல வேணும், எல்லாம் அதில் இருந்தது. சொந்தமாய்க் கார்ட் செய்து பாக்கிறவைக்கு எண்டு 300 ஹெக்ஸில் தொடங்கும் முகவரிகளையும் ஒதுக்கி விட்டிருந்தது. அளவை கார்டுகள் பல இப்பவும் அந்த 300 இலதான் குந்தியிருக்கும்.

கதவு திறந்து கிடந்ததால் ஆர் ஆரெல்லாம் உள்ளே வந்தவை எண்டு பாருங்கோ. அமெரிக்காவில் படிச்ச வான் சுவன்னுகுல் எண்ட தாய்லாந்துக்காரர், தன் ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் எழுதக் கூடிய மாதிரி ஒரு திரைக் கார்டைச் செய்தார். 1982 இல் வந்த ஹெர்குலீஸ் கார்ட் அதுதான். பிறகு உலகமெங்கும் வித்தது. இந்தியாவில் கான்பூர் ஐஐடியில் தொடங்கி, பிறகு புனேயின் சிடாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் கார்டும் இதே கதைதான். அதைச் செருகினால், ஆங்கிலம் மட்டும் தெரிஞ்ச டொஸ் மென்பொருளில் தமிழும் ஹிந்தியும் தெலுங்கும் எழுதலாம். எங்கட எழுத்து கணினித் திரைக்கு வந்த வழிகளில் ஒண்டு ஒரு ஸ்லொட். இப்ப போனில் தமிழ் தட்டுற எங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1984 இல் ஐபிஎம் ஏ.டி. வந்தபோது அதே ஸ்லொட்டுக்கு 36 தொடுமுனை கூடினது. 1987 இல் ஐபிஎம் கதவைப் பூட்டப் பாத்தது. உரிமக் காசு கேட்கிற புது ஸ்லொட் ஒண்டைக் கொண்டு வந்தது. கொம்பாக்கின் தலைமையில் ஒன்பது கம்பனிகள் அடுத்த வருஷமே அதுக்கு எதிராய் ஒண்டு சேர்ந்தன. பழைய ஸ்லொட்டுக்கு 'ஐசா' எண்ட பேர் வந்ததும் இந்தச் சண்டையில்தான். அதுவரை அது வெறும் ஏ.டி. பஸ். 1992 இல் இன்ரெல் பிசிஐயைக் கொண்டு வந்தது. புதுக் கணினியில் ஐசா ஸ்லொட் வேண்டாம் எண்டு இன்ரெல்லும் மைக்ரோசொஃப்ட்டும் சேர்ந்து எழுதின வழிகாட்டி 1999 ஆம் ஆண்டுக்கானது. ஆக ஐசாவின் ஆயுள் 1981 இல் இருந்து கிட்டத்தட்ட 1999.

கொப்பியின் மற்றப் பக்கத்தைப் பாப்பம். 1983 ஜூலையில் தெற்கில் இருந்து அடிபட்டு வந்த சனம் வன்னிக்கும் வந்தது. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கினபிறகு மின்சாரமும் இல்லை, பொருளாதாரத் தடையும் வந்தது. ரோச் பற்றரி தடை. பெற்றோல் தடை. சீமெந்து தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு மிதிச்சு, டைனமோவில் றேடியோ கேட்ட கதையை அம்மா இப்பவும் சொல்லுவா. மிதிக்கிறவர் இளைச்சால் செய்தி வாசிக்கிறவரும் இளைப்பார் எண்டு சிரிப்பா. ஜாம் போத்தல் விளக்கில் படிச்ச தலைமுறை அது. மோட்டர் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடினது, ஸ்ரார்ட் பண்ண மட்டும் ஒரு துளி பெற்றோல். 1995 இல் வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்து, கன பேர் வன்னிக்கு வந்தவை. 1996 இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனது, 1998 இல் திரும்பினது. இரண்டு முறையும் நகரத்தில் கூரை மிஞ்சேல்ல.

ஜெனரேற்றர் வைச்சிருந்த ஒரு சில இடங்களை விட்டால், சாதாரண ஆள் கொம்பியூட்டரைத் தொட்டது 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 திறந்த பிறகுதான். அப்ப லொறியில் வந்த மெஷின்களில் ஐசா ஸ்லொட் இல்லை, இல்லாட்டி ஒண்டே ஒண்டு மூலையில் வெறுமையாய் இருந்திருக்கும். எங்கட பெடியள் கொம்பியூட்டர் பழகத் தொடங்கின நேரம், அந்த ஸ்லொட் ஏற்கெனவே செத்துப் போச்சு. அது பிறந்து, வளர்ந்து, கிழடாகி முடிஞ்ச முழுக் காலமும் நாங்கள் இருட்டில். அண்ணாவுக்கு அந்த ஜம்பர் தெரியாததில் அவரில் பிழையில்லை. 2002 இல் வந்ததும் நிலைக்கேல்ல. 2006 ஓகஸ்டில் ஏ9 பூட்டினது. 2009 இல் சனம் உடுத்த உடுப்போட முள்ளிவாய்க்காலால் வெளிக்கிட்டபோது ஆர் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வருவினம்?

இதை எழுதிப் பாத்தபிறகு அந்தக் கார்டை விட மனம் வரேல்ல. முறையாய் ஒரு சோதனை மேசை போடுவம் எண்டு தொடங்கினம்.

கடையின் பின்பக்கத்தில் பழைய கதவுப் பலகை ஒண்டு. மெஷினின் பெட்டியைக் கழட்டி எறிஞ்சு, மதர்போர்டை மரக்கட்டைகளுக்கு மேலே திறந்தபடி வைச்சம். கார்டைக் கழட்டிப் பூட்ட அப்பதான் சுகம். முதல் தலையிடி மதர்போர்டின் கடிகார பற்றரி. பழைய பீப்பாய் வடிவ நிக்கல் கட்மியம் பற்றரி கசிஞ்சு, பக்கத்துச் செப்புக் கோடுகளைப் பச்சையாய்த் தின்னத் தொடங்கியிருந்தது. அதை வெட்டி எடுத்து, வினாகிரியால் துடைச்சு, பிறகு அற்ககோலால் கழுவினம். இரண்டாவது, மின்வழங்கி. ஐசா ஸ்லொட்டுக்கு +5, +12, −12 மட்டுமில்லை, −5 வோல்ற்றும் வேணும். இப்ப கடையில் விக்கிற பவர் சப்ளைகளில் அந்த −5 கிடையாது. எல்லாக் கார்டும் அதைக் கேட்கிறதில்லை. கேட்கிற கார்டுக்கு அது இல்லாட்டி, அது சாகாமல், பிழையாய் அளந்துகொண்டே இருக்கும். அதுதான் கூடாத நோய். ஆனபடியால் கார்டைச் செருக முதல் நாலு வோல்ற்றளவையும் மீற்றரால் பாத்து எழுதுறது எண்டு ஒரு சட்டம் போட்டம்.

இயங்குதளம் டொஸ். பழசில் ஆசைப்பட்டு இல்லை. டொஸ்ஸில் 300 ஆம் முகவரிக்கு ஒரு எண்ணை நேரே எழுதலாம், அங்கிருந்து நேரே வாசிக்கலாம். பிறகு வந்த விண்டோஸ் வகைகள் நடுவில் நிண்டு மறிக்கும்.

இனித்தான் கலிப்ரேஷன். எங்கட கார்ட் 12 பிற். அதாவது −5 இல் இருந்து +5 வரையுள்ள பத்து வோல்ற்றையும் 4096 படியாய் வெட்டும். ஒரு படி 2.44 மில்லிவோல்ற். ஜம்பரை மாத்தினபிறகு 1.80 ஐ அது 1.83 எண்டு காட்டினது. பன்னிரண்டு படி பிழை. கார்டின் விளிம்பில் நீல நிறத்தில் சின்னப் பெட்டிகள், ஒவ்வொண்டின் தலையிலும் ஒரு பித்தளை ஸ்க்ரூ. ஒண்டு தொடக்கத்தைச் சரிபண்ணும், மற்றது முடிவை. முறை இதுதான். மெஷினைப் போட்டு அரை மணித்தியாலம் சூடாக விட வேணும். பிறகு −4.9988 வோல்ற் குடுத்து, திரையில் எண் 0 க்கும் 1 க்கும் இடையில் பாதிக்குப் பாதி துடிக்கும் வரை முதல் ஸ்க்ரூ. அடுத்து +4.9963 குடுத்து, 4094 க்கும் 4095 க்கும் இடையில் துடிக்கும் வரை இரண்டாவது. ஒண்டைத் திருப்பினால் மற்றது கொஞ்சம் அசையும். அதனால் திரும்பவும் முதலில் இருந்து. அசையாமல் நிக்கிற எண்ணைப் பிடிக்கிறதை விடத் துடிக்கிற எண்ணைப் பிடிக்கிறது நுணுக்கம். இரண்டு படிக்கு நடுவில் நிக்கிறம் எண்டு அதுதான் காட்டும்.

கேட்கச் சுகமாய் இருக்கு. அந்த 4.9963 வோல்ற்றை ஆர் தாறது?

கடையில் இரண்டு மல்ரிமீற்றர். ஒரே பற்றரியை ஒண்டு 4.97 எண்டது, மற்றது 5.04 எண்டது. மலிவு மீற்றரில் அரை வீதம் பிழை சாதாரணம். 5 வோல்ற்றில் அது 25 மில்லிவோல்ற், எங்கட கார்டின் பத்துப் படி. ஒப்பிடுகிற கருவி ஒப்பிடப்படுகிறதை விடக் குறைஞ்சது நாலு மடங்காவது திறமாய் இருக்க வேணும் எண்டு அளவியலில் ஒரு வழக்கு உண்டு. எங்களிட்ட எல்லாம் தலைகீழ். கார்ட் மீற்றரை விடத் திறம்.

ஏ.எல். பௌதிகத்தில் அழுத்தமானிச் செய்முறை செய்தனாங்கள் எல்லாருக்கும் நியமக் கலம் ஞாபகம் இருக்கும். கம்பியின் சமநிலை நீளத்தை முதலில் நியமக் கலத்தோட பாத்து, பிறகு தெரியாத கலத்தோட பாக்கிறது. எங்கட சோதனை மேசையும் அதேதான். எட்வேர்ட் வெஸ்ரன் 1893 இல் செய்த கட்மியம் கலம் கன காலம் உலகத்தின் வோல்ற்றைக் காத்தது. 20 பாகையில் அது தாறது 1.0183 வோல்ற். 1990 இல் அந்த இடத்துக்கு ஜோசப்சன் விளைவு வந்தது: மிகக் குளிர்ந்த மீகடத்திச் சந்தியில் நுண்ணலையைப் பாய்ச்சி, அதிர்வெண்ணில் இருந்து வோல்ற்றை எடுக்கிற முறை. நாட்டுக்கு நாடு இப்பிடி ஒரு மூல அளவு இருக்கும். அதில் இருந்து ஆய்வுகூடத்துக்கு, அங்கிருந்து மீற்றருக்கு, மீற்றரில் இருந்து எங்கட கார்டுக்கு ஒரு சங்கிலி.

சந்தையில் தராசுக்குக் குத்தியிருக்கிற முத்திரையும் இந்தச் சங்கிலியின் ஒரு வளையம்தான். இலங்கையில் 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டத்தின் கீழ் வாறது அது. முகமாலையில் கண்ணிவெடி எடுக்கிற ஆக்கள் காலையில் கோட்டுக்குள்ள போக முதல், தங்கட டிடெக்டரைத் தெரிஞ்ச ஒரு சோதனைத் துண்டுக்கு மேலே பிடிச்சுச் சத்தம் கேட்டுத்தான் போவினம். நேற்று வேலை செய்தது எண்ட கதை அங்கே செல்லாது. எங்கட ஊரில் இந்த வேலையைத் தினமும் ஒழுங்காய்ச் செய்யிறது அவைதான். அவர்களிடம் பழக நிறைய இருக்கு.

நாங்கள் கண்டுபிடிச்ச வழி ஏ.டி.584 எண்ட சின்ன ஐ.சி. பொருத்தின பலகை. 2.5, 5, 7.5, 10 என்று நாலு வோல்ற்றளவு தரும். ஒன்லைனில் மலிவு. பையில் நாலு எண்ணையும் பேனையால் எழுதி ஒட்டி அனுப்புவினம். அந்தப் பேனை எழுத்தை நம்பிறதா? தெரிஞ்ச ஒருவரிட்ட ஆறரை இலக்க மீற்றர் ஒண்டு இருந்தது. ஒரு பின்னேரத்துக்கு மட்டும் தந்தார். அதன் சான்றிதழ் ஒன்றரை வருஷம் பழசு. பலகையின் நாலு எண்ணையும் அதில் பாத்து, அறை வெப்பநிலை 31 எண்டதையும் சேர்த்துக் கொப்பியில் எழுதினம். பிறகு பத்துச் சுற்று மாறுந்தடை ஒண்டைப் பலகையோட இணைச்சு, அதே மீற்றரைப் பாத்தபடி 4.9963 ஐ எடுத்தம். கார்ட் துடிச்ச நேரம் இரவு எட்டு மணி. அண்ணா ஸ்க்ரூவின் தலையில் சிவப்பு நெயில் பொலிஷ் ஒரு சொட்டு விட்டார். ஆரும் திருப்பினால் தெரியட்டும் எண்டு.

புதுசாய் வந்த கார்டுகளில் இந்த ஸ்க்ரூ இல்லை. திருத்த எண்களை ஒரு சிப்புக்குள் எழுதி வைச்சு, மென்பொருள் தானே சரிபண்ணிக்கொள்ளும். திறமான முறைதான், நான் மறுக்கேல்ல. ஆனால் பழகிறவனுக்கு அதில் ஒண்டும் தெரியாது. ஐசா கார்டில் பிழை எங்கே இருக்கு எண்டு கண்ணுக்கு முன்னால, ஸ்க்ரூ ட்ரைவர் நுனியில் தெரியும். 2014 இல் இருந்து கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இயங்குது. எங்கட தம்பி தங்கச்சிமார் அங்கே நல்ல கருவிகளில் படிக்கினம். எண்டாலும் இப்பிடி ஒரு மேசையை ஒவ்வொருவரும் ஒருக்காலாவது தன் கையால் போட்டுப் பாக்க வேணும் எண்டுதான் நான் சொல்லுவன்.

கார்ட் சரி. தண்ணி? அதுக்கும் ஒரு நியமம் உண்டு. ஒரு லீற்றர் வடிநீரில் 0.7456 கிராம் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைச்சால், 25 பாகையில் அதன் கடத்துதிறன் 1.413 மில்லிசீமன். கரைசலைச் செய்து வைச்சுப் பாத்தால் 1.58 காட்டுது. திரும்பவும் பிழையா எண்டு இடிஞ்சு போய் இருந்தம். பிறகுதான் 31 பாகை எண்டு கொப்பியில் எழுதினது கண்ணில் பட்டது. ஒரு பாகை கூடினால் கடத்துதிறன் ஏறத்தாழ இரண்டு வீதம் கூடும். போத்தலை ஐஸ் தண்ணிக்குள்ள வைச்சு 25 க்கு இறக்கின உடனே 1.41 இல் வந்து நிண்டது. அப்ப மாமியின் கிணறும் முதல் அளந்தபோது சூடாய்த்தான் இருந்திருக்கு. புதுப் போத்தல் கொண்டு வந்து, 25 க்கு இறக்கி அளந்தம். 1.6.

நேரிலேயே போய்ச் சொன்னன். கார்ட், ஜம்பர், ஐஸ் தண்ணி எல்லாத்தையும் விளங்கப்படுத்தினன். மாமி கிணத்துக்கட்டில் இருந்து வாளியைக் கழுவிக்கொண்டே கேட்டா.

"முதல் 0.9 எண்டனி. பிறகு 1.8 எண்டனி. இப்ப 1.6. நான் இந்த முறை என்னடா நடுறது?"

"வெங்காயம் வேண்டாம் மாமி."

"அதை நான் போன மாதமே வாய்க்குள்ள விட்டுப் பாத்துச் சொன்னனான்" எண்டா.